எஃகு பழைய துறைதான், ஆனாலும் உங்கள் மகளைத் தடுக்காதீர்கள்

ஐயா, உங்கள் மகள் முதுகலை ஆய்வுக்கு அதிக மாங்கனீசு கொண்ட எஃகைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நீங்களோ அவரைக் கணினித் துறைப் பக்கம் திருப்பப் பார்க்கிறீர்கள். எஃகு பழைய துறை என்கிறீர்கள். உண்மைதான், ஆங்கிலேய உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் சுமார் 12 சதவீத மாங்கனீசு சேர்த்த எஃகை உருவாக்கியது 1882-இல். ஆனால் அது தரும் தொல்லைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை. உங்கள் மகளுக்கு வேலை இருப்பது அந்தத் தொல்லைகளில்தான்.

கார் உடலுக்கான தகடு வலிமையாகவும் இருக்க வேண்டும், உடையாமல் வளையவும் வேண்டும். மாங்கனீசு இரண்டையும் தருகிறது. துருப்பிடிக்காமலிருக்க, அந்தத் தகட்டை ஏறத்தாழ 460 டிகிரி செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பார்கள். தொல்லை அதற்கு முன்பே, உலையில் தொடங்கிவிடுகிறது. அங்கே நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் தகட்டைச் சூடாக்குகிறார்கள். அந்த வாயு இரும்பு ஆக்சைடை மீண்டும் இரும்பாக மாற்றிவிடும். மாங்கனீசு ஆக்சைடிடம் அதன் வேலை பலிக்காது. வாயுவில் தங்கியிருக்கும் சிறிதளவு நீராவியே மாங்கனீசை ஆக்சைடாக்கப் போதும். மாங்கனீசு மேற்பரப்புக்கு ஏறிவந்து ஆக்சைடுப் படலமாகிவிட்டால், துத்தநாகம் பல இடங்களில் ஒட்டாது. இதற்கான வைத்தியங்களில் ஒன்று வேடிக்கையானது: உலை வாயுவின் ஈரத்தைக் கூட்டுவது! ஆக்சிஜன் தகட்டுக்குள் ஊடுருவி, மாங்கனீசு மேலே வருவதற்குள் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. மாங்கனீசின் அளவு மிக அதிகமானால் இந்த உத்தியும் முழுதாகக் கைகொடுப்பதில்லை.

இன்னொரு தொல்லை ஹைட்ரஜன். அமிலத்தில் கழுவும்போதும், மின்முறையில் துத்தநாகம் பூசும்போதும் அது எஃகுக்குள் புகுந்துவிடும். அச்சில் அழுத்தி வடிவமைத்த பாகம் அன்று நன்றாகவே இருக்கும். சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத் தானாக விரிசல் விடும். இந்த வகை எஃகில் சிறிது அலுமினியம் சேர்த்தால் அந்த விரிசல் பெரிதும் குறைகிறது. ஏன் என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

உங்கள் மகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஆழமாகச் செய்ய முடியும். மேற்பரப்பு ஆக்சிஜனேற்றத்தை, அதாவது அந்த ஆக்சைடுப் படலச் சிக்கலை எடுத்தால் வெப்ப இயக்கவியல் கணக்கீடும் மேற்பரப்புப் பகுப்பாய்வும் கைவரும். எஃகு ஆலைகளின் பூச்சுப் பிரிவு அவரை வரவேற்கும். மின்கல ஆய்வகங்களுக்கும் அந்தப் பகுப்பாய்வுத் திறன் தேவைப்படுகிறது. ஹைட்ரஜன் விரிசலை எடுத்தால் களம் இன்னும் விரியும்: எரிவாயுக் குழாய்கள், ஹைட்ரஜன் சேமிப்புக் கலன்கள், உயர்வலிமை போல்ட்டுகள் என எல்லாவற்றிலும் இதே கேள்விதான். என் சாய்வு ஹைட்ரஜன் பக்கமே. ஆனால் சோதனைகள் மெதுவாக நகரும், ஒரே மாதிரித் துண்டுகள்கூட வெவ்வேறு விடை தரும். பொறுமை இல்லாதவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கணினி பற்றிய உங்கள் ஆசையும் வீணாகாது. நிரலாக்கம் தெரிந்த உலோகவியலாளரை இன்று எந்த ஆய்வுக்குழுவும் விரும்பும். அதை அவர் இந்த ஆய்வின் ஊடாகவே கற்கலாம்.

ஆய்வில் சேரக் கையெழுத்திடும் முன் நெறியாளரிடம் அவர் கேட்க வேண்டியவை சில உண்டு. எஃகைச் சூடாக்கி, வெளியேறும் ஹைட்ரஜனை அளக்கும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறதா? உலையையும் துத்தநாகத் தொட்டியையும் சிறிய அளவில் போலச்செய்யும் இயந்திரம் உண்டா, இல்லையென்றால் யாரிடம் இரவல் பெறுகிறார்கள்? முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு நெறியாளர் மழுப்பினால், வேறு ஆய்வகத்தைத் தேடச் சொல்லுங்கள்.