சமீபத்தில் பார்த்த தொடர்களில் உங்களை உலுக்கியது எது, ஏமாற்றியது எது?

உலுக்கியது 'அடோலசென்ஸ்'. ஏமாற்றியது 'சுழல்' இரண்டாம் சீசன், அதுவும் பாதிதான். முடிச்சுகளைப் போட்டு உடைக்கப்போகிறேன்; பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

'அடோலசென்ஸ்' 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர். நான்கே எபிசோடுகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஒரு பள்ளிச் சிறுமியின் கொலை வழக்கில் 13 வயது ஜேமியைப் பிடிக்கப் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறது. குத்தியது அவன்தான் என்பது முதல் எபிசோடு முடிவதற்குள் சிசிடிவி காட்சியில் தெரிந்துவிடுகிறது. மிச்சம் மூன்று எபிசோடுகளை எதை வைத்து நகர்த்தப்போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது எபிசோடு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. ஓர் அறை, ஒரு மேசை, ஜேமி, அவனோடு பேச வந்த உளவியலாளர். தன் சாண்ட்விச்சில் பாதியை அவனுக்குக் கொடுக்கிறார். விளையாட்டுப் பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று எழுந்து கத்துகிறான். அவர் மிரண்டதைக் கண்டதும், 13 வயதுப் பையனைப் பார்த்தா பயம் என்று ஏளனம் செய்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த ஏளனத்தில்தான், கத்தலில் அல்ல. கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு போகும்போது, என்னை உங்களுக்குப் பிடித்ததா என்று கெஞ்சுகிறான். அவன் போன பிறகு, மிச்சம் கிடக்கும் சாண்ட்விச்சைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொள்கிறார். வசனமே கிடையாது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. 15 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினான். அந்த அறைக்காகவே கொடுத்திருக்கலாம்.

ஒரே ஷாட் வித்தையை ஊரே மெச்சியது. எனக்கு அதில் சின்ன மனத்தாங்கல் உண்டு. இரண்டாவது எபிசோடின் முடிவில் கேமரா ட்ரோனில் ஏறிப் பறந்து, கொலை நடந்த இடத்தில் இறங்குகிறது. இதை எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசித்ததில் செத்துப்போன பெண்ணை மறந்தே போனேன்.

தமிழ்த் தொடரான 'சுழல்' முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் காணாமல் போன பெண்ணின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசனின் தொடக்கம் அதைவிட அபாரம்: வழக்கறிஞர் செல்லப்பாவைக் கொன்றது நான்தான் என்று எட்டுப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். அந்த எட்டுப் பேரையும் சிறைக்குள் ஒன்றாகப் பார்க்கும்போது, யார் கொன்றிருந்தால் என்ன, இவர்கள் யார் என்பதைச் சொல்லுங்கள் என்றுதான் தோன்றியது. தொடரோ கொலையாளியைத் துரத்துவதிலேயே குறியாக இருந்தது. எட்டு முகங்களில் இரண்டு மூன்றுதான் என் நினைவில் நிற்கின்றன. ஐஸ்வர்யா ராஜேஷும் கதிரும் நடிப்பில் குறை வைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் கடைசிவரை பார்த்தேன்.

'செவரன்ஸ்' பற்றியும் கேட்பீர்கள். அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் அறுவை செய்து பிரித்துக்கொண்ட ஊழியர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர் அது. 2022இல் முதல் சீசன், 2025இல் இரண்டாவது. இந்த இடைவெளியில் யார் எவர் என்பதே மறந்து, முதல் சீசனை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. நாயகனின் மனைவி ஜெம்மா அந்த அலுவலகக் கட்டடத்துக்குள் என்ன பாடுபடுகிறாள் என்று காட்டும் ஏழாவது எபிசோடுக்காக அந்தச் சிரமத்தைப் படலாம். மற்றபடி அந்த அலுவலகத்துக்குள் வளர்க்கும் ஆடுகள் எதற்கு என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்குப் போய்விட்டது.