ஓணம் லீவில் வராத வயிற்றுவலி

கேள்வி: கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகன் ஐந்தாவது வரை தமிழ் மீடியம். இந்த ஜூனில் பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பு, மலையாள மீடியத்தில் சேர்த்தோம். தினமும் காலையில் வயிற்றுவலி, குமட்டல். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஓணம் லீவில் வலியே இல்லை. ஸ்கூல் திறந்ததும் மறுபடி வந்துவிட்டது. வீட்டில் தங்கையை அடிக்கிறான். வகுப்பில் ஒரு பையனைத் தள்ளிவிட்டானாம். கேட்டால் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். நடிக்கிறானா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. வலி நிஜம். லீவில் அது வராமல் போனதுதான் எனக்கு ஸ்கேனைவிடப் பெரிய தகவல். அவன் பள்ளியில் எதற்கோ பயப்படுகிறான்.

ஆபத்து என்று பட்டதும் மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதி மணியடிக்கும். அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், செரிமானம் தடுமாறும், வயிறு பிசையும். நிதானமாக யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி அப்போது பின்தங்கிவிடும். அதனால்தான் சில பிள்ளைகள் அடிக்கிறார்கள், சிலர் ஓடுகிறார்கள், சிலர் உறைந்து நிற்கிறார்கள். டீச்சர் முன் அவன் வாய் திறக்காததைத் திமிர் என்று எண்ணவேண்டாம். நடந்ததைச் சொல்ல அவனுக்கு மலையாளமும் கைவரவில்லையே! பகலெல்லாம் அடக்கிவைத்தது, பயமில்லாத வீட்டில் தங்கை மேல் பாய்கிறது. தங்கையைக் காப்பாற்றுங்கள், அதற்காக அவனை அடிக்காதீர்கள்.

'யார் என்ன செய்தார்கள்?' என்று துருவினால் இன்னும் மூடிக்கொள்வான். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளியை வரையச் சொல்லுங்கள்: கேட், வகுப்பு, மைதானம், பஸ், கக்கூஸ். எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று கலர் அடிக்கட்டும். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா, பாருங்கள். பெரிய பையன்களுக்குப் பயந்து கக்கூஸ் பக்கமே போகாத பிள்ளைகள் உண்டு. சிறுநீரையும் மலத்தையும் அடக்கினால் அதுவே மலச்சிக்கலாகி, சிறுநீர்த் தொற்றாகி வயிற்றுவலி தரும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

படத்தோடு டீச்சரைப் பாருங்கள். தமிழ் பேசும் பையன் பக்கத்தில் இடம் கேளுங்கள். பள்ளியில் கவுன்சலர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். வாரக்கணக்கில் வீட்டில் நிறுத்தாதீர்கள், பயம் வளரும். ஆனால் யாராவது அடிப்பதோ தவறாகத் தொடுவதோ தெரிந்தால், அது நிற்கும்வரை அனுப்பவேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ஆசிரியரே அடித்தாலும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

எடை குறைந்தாலோ, வலி தூக்கத்தைக் கலைத்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் கண்டாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 'செத்துப்போகலாம்போல இருக்கு' என்று ஒருமுறை சொன்னாலும் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.