நன்றியுரைப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். அலையாத்திக் காடுகளின் மண்ணில் கரிமம் எவ்வாறு தேங்குகிறது என்பது குறித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்புகிறேன். கடந்த ஓராண்டில் பதினொரு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உதவித்தொகையை உறுதியாகப் பெற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது என்றால், நான் வேறு எங்கே தேடுவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். உதவித்தொகையை யாருக்கு வழங்குவது என்பதை அந்தந்த நிறுவனத்தின் தேர்வுக் குழுதான் தீர்மானிக்கிறது. அக்குழுவுக்கு வெளியே இருக்கும் எவராலும் முடிவை உறுதி செய்து தர முடியாது. பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பக் கட்டணம், மொழித் தேர்வுக் கட்டணம் ஆகியவை உண்மையான செலவுகள். ஆனால் அவற்றை நீங்கள் நேரடியாகச் செலுத்துவீர்கள். இடையில் ஒருவர் தேவையில்லை. கடவுச்சீட்டின் நகலை அவருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இனி வேறு எந்த ஆவணத்தையும் அனுப்பாதீர்கள்.

இனி அந்தப் பதினொன்றைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த பட்டியலைப் படித்தபோது, நீங்கள் தோற்றுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. பாதி இடங்களில் நீங்கள் போட்டியிலேயே இல்லை. 1983இல் தொடங்கப்பட்ட செவனிங் உதவித்தொகை பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு உரியது. அது கேட்கும் 2,800 மணி நேரப் பணி அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் முனைவர் பட்டத்துக்கு அது நிதி தருவதில்லை. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டம், தேர்வு பெறுபவருக்கு மாதம் 1,400 யூரோ தரும் தாராளமான ஏற்பாடுதான் என்றாலும், அதன் பெயரே சொல்வது போல அதுவும் முதுகலைக்கானது. முதுகலை முடித்த ஒருவர் முனைவர் பட்ட ஆய்வுத் திட்டத்தை விளக்கி இவ்விரண்டுக்கும் எழுதிய விண்ணப்பம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், முதல் சல்லடையிலேயே அது நின்றுபோயிருக்கும். ஒரு நிதித் திட்டத்தின் அறிவிப்பைக் கையில் எடுத்ததும் அதன் நோக்கவுரையைப் படிக்காமல், தகுதி வரம்பை முதலில் படியுங்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் அனைவரிடமும் சொல்லி வருகிறேன். நோக்கவுரை எல்லோரையும் வரவேற்பது போலத்தான் எழுதப்பட்டிருக்கும். கதவு எங்கே இருக்கிறது என்பது தகுதி வரம்பில்தான் தெரியும்.

உங்கள் தேடலில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது நீங்கள் தேடிய சொல்லிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கான பணத்தின் பெரும்பகுதி உலகில் ‘ஸ்காலர்ஷிப்’ என்ற பெயரில் வருவதே இல்லை. சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். அந்த இடங்கள் வேலைவாய்ப்பு விளம்பரங்களாக, சம்பளத்துடன், இறுதித் தேதியுடன் வெளிவருகின்றன. உதவித்தொகைப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருப்பவரின் கண்ணில் அவை படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடொவ்ஸ்கா கியூரி திட்டத்தின்கீழ் இயங்கும் முனைவர் ஆய்வு வலையமைப்புகளும் இதே வழியில்தான் ஆள் எடுக்கின்றன. அந்த அறிவிப்புகள் யூராக்ஸஸ் என்னும் ஐரோப்பிய ஆய்வாளர் தளத்தில் திரளாகக் கிடைக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், வேலை தரும் நிறுவனம் இருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஓர் ஆய்வாளர் தம் நாட்டை விட்டு வேறு நாட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதே அத்திட்டத்தின் குறிக்கோள் என்பதால், வெளியிலிருந்து வரும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த விதி தடையாகாது, வசதியாகவே அமையும்.

அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. அங்கே பணம் பெரும்பாலும் துறையிலிருந்து வருகிறது: மாணவர் இளநிலை வகுப்புகளுக்குப் பயிற்றுவிக்கும் உதவியாளராகவோ, பேராசிரியரின் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுவார், அதற்கு ஈடாகக் கல்விக் கட்டண விலக்கும் மாத ஊதியமும் பெறுவார். ஆகவே அங்கே சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதே நிதிக்கு விண்ணப்பிப்பதுமாகும். பிரிட்டனிலும் இதற்கு இணையான சில வழிகள் உண்டு. ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பமே கிடையாது. உரிய தேதிக்குள் சேர்க்கை விண்ணப்பம் அனுப்பியவர்கள் தாமாகவே பரிசீலிக்கப்படுகிறார்கள். 2000ஆம் ஆண்டு 210 மில்லியன் டாலர் நன்கொடையில் உருவான கேட்ஸ் கேம்பிரிட்ஜ் நிதியும் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்கப்படுவது. பிரிட்டனைத் தவிர எந்த நாட்டவரும் அதற்கு உரியவர். இவற்றில் இறுதித் தேதியை ஒரு நாள் தவறவிட்டால், இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் போகக்கூடும்.

சரி, எங்கே தேடுவது? பட்டியல்களை மூடிவைத்துவிட்டு, உங்கள் துறையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் நீங்கள் மிகவும் மதிக்கும் பதினைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் நன்றியுரையோ நிதியுதவிக் குறிப்போ இருக்கும். நாம் எல்லோரும் தாண்டிச் செல்லும் பத்தி அது. அதில் நிதி தந்த நிறுவனத்தின் பெயரும், பெரும்பாலும் நல்கை எண்ணும் (அந்த ஆய்வுக்கு வழங்கப்பட்ட நிதியுதவியின் அடையாள எண்) அச்சாகியிருக்கும். அலையாத்தி மண்ணைத் தோண்டிக் கரிமத்தை அளந்தவர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறில்லை. பதினைந்து கட்டுரைகளின் நன்றியுரைகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் தேட வேண்டிய பட்டியல் அதுதான். அதை வேறு யாரும் உங்களுக்குத் தயாரித்துத் தர முடியாது.

அந்த எண்களைக் கொண்டு அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். பொதுப்பணத்தில் இயங்கும் பல நிதி அமைப்புகள் தாங்கள் வழங்கிய நல்கைகளைத் திறந்த தரவுத்தளங்களில் வெளியிடுகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நல்கைத் தேடல் பக்கத்தில் முதன்மை ஆய்வாளர், தொகை, தொடங்கிய தேதி, முடியும் தேதி, திட்டச் சுருக்கம் ஆகியவை எல்லாருக்கும் தெரியும்படி கிடக்கின்றன. ஜெர்மன் ஆய்வு நிறுவனத்துக்கு கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கோர்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம் உண்டு. இவற்றில் நீங்கள் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, முடியும் தேதியை. கடந்த ஆண்டு தொடங்கி இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடவிருக்கும் திட்டத்தின் தலைவருக்கு ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம். இன்னும் ஆறு மாதங்களில் முடியவிருக்கும் திட்டத்தின் தலைவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டு, கையை விரிப்பார். இரண்டு பேரும் ஒரே அளவு நல்லவர்கள்தான்.

தனியார் அறக்கட்டளைகளையும் இதே முறையில் ஆராயலாம். அமெரிக்காவிலுள்ள தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு 990-பிஎஃப் என்னும் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம்; அந்த ஆண்டில் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். உலகைக் காப்பதாக முகப்பில் எழுதியிருக்கும் அறக்கட்டளை ஒன்று உண்மையில் தன் நகரத்து அருங்காட்சியகத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே பணம் தந்திருப்பதை நீங்கள் கண்டுகொண்டால், ஒரு மாத உழைப்பு மிச்சம். இயற்கைப் பாதுகாப்புக்குச் சிறு நல்கைகள் தரும் ரஃபோர்டு அறக்கட்டளை தான் ஆதரித்த திட்டங்களைத் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அது முனைவர் பட்டத்துக்கான முழுச் செலவையும் ஏற்கும் நிதி அல்ல, களப்பணிக்கு உதவுவது. ஆனாலும் சிறு நல்கை ஒன்றைப் பெற்று, ஒழுங்காகச் செலவிட்டு, அறிக்கை எழுதி முடித்தவர் என்ற பெயர், பிற்பாடு பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும்போது நிறைய உதவும். இப்போது நீங்கள் பணியாற்றும் திட்டத்திலிருந்தே அப்படி ஒன்றுக்கு முயலலாம்.

உரிய பேராசிரியர்களைக் கண்டுபிடித்த பின் எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உங்கள் மாதிரிக் கடிதத்தில் முதல் நான்கு வரிகள் உங்கள் கல்வித் தகுதியையும், ஐந்தாவது வரி அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமையையும் பேசுகின்றன. ஆய்வு கடைசிப் பத்தியில் தலைகாட்டுகிறது. அதைத் தலைகீழாக்குங்கள். அவருடைய கட்டுரை ஒன்றில் நீங்கள் கவனித்த ஒரு முடிவு, உங்கள் களத்தில் நீங்கள் அளந்தது அதனுடன் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பதை மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளாக மண்ணைத் தோண்டி எடை போட்டவர் நீங்கள். அந்த அனுபவம் இல்லாதவர் எழுத முடியாத வாக்கியங்கள் அவை. பிறகு, தம் குழுவில் மாணவரைச் சேர்க்கும் எண்ணம் இருக்கிறதா என்றும், நிதிக்கு எந்த வழியை அவர் பரிந்துரைப்பார் என்றும் நேராகக் கேட்டுவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தம் துறையில் எந்த நிதி எப்போது திறக்கும் என்பது அவருக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். சுயவிவரக் குறிப்பு இரண்டு பக்கம் போதும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதன் பிறகு விட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத் தொடர்பு வேறொரு வகையிலும் பயன்படும். 1925இல் தோன்றிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், ஜெர்மனியில் முனைவர் பட்டம் செய்ய விரும்புபவரிடம், அவரை நெறிப்படுத்த ஒப்புக்கொண்ட பேராசிரியரின் கடிதத்தைக் கேட்கிறது. கடைசியாகப் பெற்ற பட்டத்துக்குப் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் பொதுவான விதி. நீங்கள் மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டீர்கள். இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை என இரண்டு பாதைகள் உள்ளன. இரண்டாவது பாதை பேராசிரியர் ஒருவரின் ஆதரவு இல்லாமல் திறப்பது கடினம்.

காலக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பின் விண்ணப்பம் எழுத உட்காருவது உங்கள் வழக்கம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. படிப்புத் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஒன்றரை ஆண்டு என்று கணக்கிடுங்கள். மொழித் தேர்வு, சான்றிதழ்களின் அதிகாரபூர்வ நகல்கள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகிய மூன்றும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதவை. எனவே அவற்றை முதலில் தொடங்க வேண்டும். பரிந்துரை எழுதுபவருக்குக் குறைந்தது ஆறு வார அவகாசமும், உங்கள் ஆய்வு முன்மொழிவும், நீங்கள் அவரிடம் செய்த பணியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். ‘மிகவும் கடின உழைப்பாளி’ என்று மட்டும் எழுதும் கடிதத்தை நான் அமர்ந்திருந்த தேர்வுக் குழுக்களில் யாரும் இரண்டாம் முறை புரட்டிப் பார்த்ததில்லை. எழுதியவர் மீது தவறில்லை. அவருக்கு எழுத வேறு செய்தி கொடுக்கப்படவில்லை.

கையெழுத்திடும் முன் நிபந்தனைகளைப் படிப்பது பற்றியும் ஒரு சொல். 1946இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகைத் திட்டத்தில் செல்லும் வெளிநாட்டு மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டு ஆண்டு தங்காமல் அமெரிக்காவில் குடியேறவோ சில வகை வேலை விசாக்களைப் பெறவோ முடியாது. பல நிதிகள் ஒரே காலத்தில் இன்னொரு நிதியைப் பெறுவதை அனுமதிப்பதில்லை. இரண்டு கிடைத்தால் இரண்டு தரப்பிடமும் தெரிவித்துவிடுவதே முறை. பயணச் சீட்டு, விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, முதல் மாத வாடகை ஆகியவற்றை யார் ஏற்கிறார்கள், முன்கூட்டியே தருகிறார்களா அல்லது செலவழித்த பின் ரசீது பார்த்துத் தருகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; முழு நிதி என்று அறிவிக்கப்பட்டதை நம்பிச் சென்று, முதல் மாதம் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த சுற்றுக்குப் பதினொரு விண்ணப்பங்கள் வேண்டாம். ஒரே ஆய்வு விளக்கத்தைப் பதினொரு பெயர்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேலை விளம்பரம், ஒரு துறைச் சேர்க்கை, பேராசிரியரின் ஒப்புதலோடு ஓர் உதவித்தொகை என மூன்று போதும். மூன்றுக்கும் முன்மொழிவைத் தனித்தனியாக எழுதுங்கள். கட்டுரைகளிலிருந்து நீங்கள் திரட்டும் அந்த நன்றியுரைத் தாள் தயாரானதும், விரும்பினால் எனக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள். எந்த மூன்று என்று அப்போது சேர்ந்து முடிவு செய்யலாம்.