நெருக்கமாகவும் பொறுப்பாகவும் தோன்றும் எழுத்துரு எது?

தமிழிலும் ஆங்கிலத்திலும் அமையும் உங்கள் தின்பண்ட நிறுவனத்தின் இணையதளம், வாடிக்கையாளருக்கு நெருக்கமாகத் தோன்ற வேண்டும், அதே சமயம் விளையாட்டுத்தனமாகவும் இருந்துவிடக் கூடாது. அதற்கு எந்த எழுத்துரு பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே தேவையோடு என் சித்தப்பாவின் முறுக்குக் கடைக்குத் தளம் அமைத்தபோது நான் முதலில் தவறாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

நட்பான தோற்றத்துக்கு முனை உருண்ட எழுத்துருவே நல்லது என்று ஆங்கிலக் கட்டுரைகளில் படித்திருந்ததால், பலூ தம்பி 2 எழுத்துருவைத் தலைப்பு, விலைப்பட்டியல், முகவரி என எல்லா இடத்திலும் தடித்த வடிவில் போட்டுவிட்டேன். மடிக்கணினியில் அழகாகவே இருந்தது. சித்தப்பா தம் கைப்பேசியில் திறந்து பார்த்து, "என்னப்பா, பால்வாடி போர்டு மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது தோற்றத்தை மட்டும்தான்; நான் கவனித்த குறை வேறு. "வெண்ணெய் முறுக்கு" என்ற வரியில் மூன்று சுழி 'ண'வின் சுழிகள் அடைபட்டு, அது இரண்டு சுழி 'ன'வா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

ரோமன் எழுத்துகளில் நேர்கோடுகளும் கூர்முனைகளும் மிகுதி என்பதால், முனைகளை உருட்டினாலே அவற்றுக்கு ஒரு குழைவு வந்துவிடுகிறது. தமிழெழுத்தோ இயல்பிலேயே சுழியும் வளைவும் கொண்டது. அதை மேலும் உருட்டித் தடிமனாக்கும்போது சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் குறைந்து, குழைவு குழந்தைத்தனமாகிவிடுகிறது. எனவே தமிழில் நெருக்கமான தோற்றத்தை, திறந்த சுழிகளும் சீரான கோட்டுத் தடிமனும் உள்ள எழுத்துருவில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இறுதியில் பலூ தம்பியைக் கடையின் பெயருக்கும் பெரிய தலைப்புகளுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் முக்தா மலருக்கு மாற்றினேன். இரண்டையும் வடிவமைத்தது மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் என்பதாலோ என்னவோ, அருகருகே வைத்தால் உறுத்துவதில்லை. முக்தா மலரில் 7 தடிமன்கள் உண்டு. ஆங்கில எழுத்துகளும் அதிலேயே இருப்பதால் இரு மொழிப் பக்கங்களும் ஒரே குரலில் பேசும். அலுவலகச் சாயல் சற்றுக் கூடுதலாக வேண்டுமென்றால் 5 தடிமன்கள் கொண்ட ஹிந்த் மதுரையைப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழில் குறையேதும் இல்லை. ஆனால் தின்பண்டக் கடைக்கு அது விண்ணப்பப் படிவம் போலத் தோன்றுகிறது. இவை அனைத்தும் திறந்த உரிமத்தில், வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகக் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன.

தேர்ந்தெடுக்கும் முன், மாதிரி வாக்கியத்தை நம்பாமல் உங்கள் சரக்குப் பெயர்களையே கைப்பேசி அளவில் அடித்துப் பாருங்கள். எண்ணெய், ஸ்பெஷல், ஜூலை, கூரியர் போன்ற சொற்களும், 2010இல் அறிமுகமான ரூபாய்க் குறியும் அதில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அந்தக் குறி இல்லாவிட்டால் உலாவி வேறொன்றிலிருந்து இரவல் வாங்கிப் போடுவதால், விலை மட்டும் ஒட்டுப்போட்டது போல நிற்கும். மேலே புள்ளியும் விலங்கும் (கி, கீ ஆகியவற்றின் மேல்வளைவு), கீழே உகரக் கொக்கியும் மோதிக்கொள்ளாதபடி வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 முதல் 1.7 மடங்கு வரை வையுங்கள். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள், முக்தா மலரில் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால், உலாவி நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும்.

எல்லாத் தடிமன்களையும் ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும் என்பதால், உரைக்கு 400, விலைக்கு 600 என இரண்டோடு நிறுத்திக்கொண்டேன் (எண் கூடக் கூட எழுத்து தடிக்கும்). விலை எடுப்பாகத் தெரியட்டும் என்று ஒருமுறை 800 வைத்துப் பார்த்தேன். 'வெண்ணெய்' மறுபடியும் அடைத்துக்கொண்டது.