ரயிலில் மிடில் பெர்த்காரர் விடிந்த பிறகும் பெர்த்தை மடக்க மறுத்துச் சத்தம் போட்டால் என்ன செய்வது?

விதி உங்கள் பக்கம்தான். இரவு 10 முதல் காலை 6 வரைதான் மிடில் பெர்த்தை விரித்துத் தூங்கலாம். மற்ற நேரத்தில் மடக்கி, எல்லோரும் உட்கார இடம் விட வேண்டும். கர்ப்பிணி, உடம்பு முடியாதவர் என்றால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே விதியை நீட்டாதீர்கள். சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது இறங்கிவர யாருக்கும் மனசு வராது. "அண்ணே, குனிஞ்சே உட்கார்ந்து கழுத்து பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் மடக்கிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முனகிக்கொண்டாவது போர்வையைச் சுருட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள்.

அதற்கும் மசியாமல் எகிறினால், சரிக்குச் சரி கத்தாமல் டிக்கெட் பரிசோதகரை (டிடிஇ) தேடுங்கள். அவர் கண்ணில் படவில்லையா (அது வழக்கம்தான்), ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள். அல்லது ரயில்மதத் செயலியில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் புகார் பதியுங்கள். கெட்ட வார்த்தை, குடிபோதை என்று போனால் அது 1989 ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி குற்றம். ஆளை வண்டியிலிருந்து இறக்கிவிடவே ரயில்வே ஊழியருக்கு அதிகாரம் உண்டு. அப்புறம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை, ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) பார்த்துக்கொள்ளும்.