மாதம் ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல்: எதை எதோடு சேர்த்துப் படிக்கலாம்?

கேள்வி இதுதான்: “மாதத்துக்கு ஒரு கதைப் புத்தகமும் ஒரு கட்டுரைப் புத்தகமும் படிக்க ஆசை. எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பாதி மாதம் போய்விடுகிறது. மாதவாரியாகப் பரிந்துரைக்க முடியுமா?”

முடியும். ஆனால் கதை இத்தனை, கட்டுரை இத்தனை என்று தனித்தனியாகச் சொல்ல மாட்டேன். ஜோடி ஜோடியாகத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வாரத்துக்கு ஒன்று, வருடத்துக்கு 52 என்று சபதம் எடுத்தேன். ஆகஸ்டுக்குள் கணக்கு உதைத்துவிட்டது. அப்புறம் ஒல்லிப் புத்தகங்களாகத் தேட ஆரம்பித்தேன். அலமாரி முன் நின்று முதுகின் தடிமனைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிற நிலைமைக்கு வந்தேன். டிசம்பர் முடிவில் 52 என்னவோ ஆகிவிட்டது. ஜனவரியில் ஒரு நண்பர், “போன வருஷம் படிச்சதுல எது பிடிச்சது?” என்று கேட்டபோது நாலு பெயர்கூட வாயில் வரவில்லை.

அந்தச் சபதத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான், அதுவும் தற்செயலாக. ஒல்லி என்பதற்காகவே ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு புத்தகங்கள்: ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ (1952), கார்சியா மார்க்வெஸ் எழுதிய, கப்பலிலிருந்து கடலில் விழுந்த ஒரு மாலுமியின் கதை. பின்னது கதையே அல்ல, நடந்தது. 1955இல் கொலம்பியக் கடற்படைக் கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு மிதவையில் பத்து நாள் கிடந்து உயிரோடு கரை சேர்ந்தார். அப்போது மார்க்வெஸ் பத்திரிகை நிருபர். அந்த மாலுமியை உட்காரவைத்து மணிக்கணக்காகக் கேட்டு, அவர் சொல்வதுபோலவே 14 நாள் தொடராக எழுதினார். புத்தகமாக வந்தது 1970இல்தான்.

ஹெமிங்வேயின் கிழவர் 84 நாள் மீன் கிடைக்காமல் இருந்து, கடைசியில் தன் படகைவிட நீளமான மீனைப் பிடிக்கிறார். சுறாக்கள் வருகின்றன. படிக்கும்போது நமக்குக் காவியம் மாதிரி இருக்கிறது. மாலுமியின் கதையிலும் சுறாக்கள் வருகின்றன, எப்படித் தெரியுமா? தினமும் சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு, ஆபீஸுக்கு வருகிற மாதிரி. அவர் கையில் கடிகாரம் இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறார். பசி தாங்காமல் ஒரு கடற்பறவையைப் பிடித்துக் கொன்றும் விடுகிறார். பச்சை இறைச்சியை விழுங்க முடியவில்லை. அந்த இடத்தைப் படித்தபோதுதான், கிழவர் பச்சை மீனை அறுத்து அறுத்துத் தின்பதும், எலுமிச்சையோ உப்போ இருந்தால் தேவலாம் என்று நினைப்பதும் எனக்கு மறுபடி கண்முன் வந்தது. முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தேன். இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தைத் திரும்பப் படிக்க வைத்துவிட்டது.

இதை உங்கள் முதல் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சின்னவை. பத்து நாளில் முடிந்துவிடும், மிச்ச நாளில் தைரியம் வந்துவிடும்.

அடுத்தது கொஞ்சம் பெரிய ஜோடி. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, கூடவே உம்பர்ட்டோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980). சம்பந்தமே இல்லையே என்று தோன்றும். எக்கோவின் நாவல் 1327இல் ஓர் இத்தாலிய மடத்தில் நடக்கிறது. துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், எல்லாத் தடயமும் மடத்து நூலகத்தை நோக்கிப் போகிறது, உள்ளே தொலைந்துபோன ஒரு நூல். மேலே சொன்னால் சுவை கெட்டுவிடும். உ.வே.சா. தேடியதும் தொலைந்த நூல்களைத்தான், ஆனால் நிஜத்தில்.

புத்தகப் பரிந்துரை என்ற விஷயத்துக்கே ‘என் சரித்திரம்’தான் எனக்கு ஆதாரம். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பெருமையாக அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவருக்கோ அதன் ஏட்டைப் பார்த்த பழக்கமே இல்லை. அந்த ஒரு கேள்வியின் விளைவுதான் 1887இல் அச்சில் வந்த சீவக சிந்தாமணி. ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன புத்தகப் பெயரால் இவ்வளவு நடந்ததாக வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இன்னோர் இடம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆசையோடு போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகப் பதில் வருகிறது. எரித்தவர்களுக்கு அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. சாஸ்திரப்படி மரியாதையாகத்தான் எரித்திருக்கிறார்கள். இதைப் படித்த கையோடு எக்கோவுக்குப் போனால், புத்தகத்துக்கு யார் எதிரி என்ற கேள்வி வேறு மாதிரி தெரியும். ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நிற்கிறது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. இந்த ஜோடிக்கு ஒரு மாதம் போதாது என்றால் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் அபராதம் போடப் போவதில்லை.

எடை தாங்கும் மனநிலை இருக்கிற மாதத்துக்கு: சோல்ஜெனிட்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ (1962), பிரிமோ லெவியின் ‘மூழ்கியவர்களும் தப்பியவர்களும்’ (1986). முன்னது சோவியத் முகாம், பின்னது நாஜி முகாம். இரண்டிலும் ஒரு ஸ்பூனைக் கவனியுங்கள். இவானிடம் அவனே அலுமினியக் கம்பியை உருக்கி வார்த்த ஸ்பூன் இருக்கிறது. சாப்பிட்டதும் நக்கிச் சுத்தம் செய்து பூட்ஸுக்குள் செருகிக்கொள்வான். அவனுடைய சொத்து, மானம் எல்லாம் அது. லெவி அடைபட்டிருந்த ஆஷ்விட்ஸ் முகாமில் புதிதாக வந்தவர்களுக்கு ஸ்பூனே தரமாட்டார்கள். ஒன்று வேண்டுமென்றால் ரொட்டியைக் கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கஞ்சியை நாய்போல நக்கிக் குடிக்க வேண்டும். சரி, பற்றாக்குறையாக இருக்கும் என்று நினைப்போம். முகாம் விடுவிக்கப்பட்டபோது அதன் கிடங்கில் ஆயிரக்கணக்கில் புத்தம் புது ஸ்பூன்கள் கிடந்ததாக லெவி எழுதுகிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று நான் வேறெதுவும் படிக்கவில்லை.

இந்த ஜோடியை ஒருமுறை, மனசு சரியில்லாமல் இருந்த என் அக்காவிடம் “அருமையான புத்தகம்க்கா” என்று கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். நியாயமான திட்டுதான். புத்தகம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்கிறவர் எப்படி இருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். நீங்களும் சோர்வாக இருக்கிற மாதத்தில் இதைத் தொடாதீர்கள்.

தண்ணீருக்கு ஒரு மாதம் ஒதுக்கலாம். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலும், குளங்களை வெட்டியவர்கள், காத்தவர்கள் பற்றி அனுபம் மிஸ்ரா 1993இல் இந்தியில் எழுதிய நூலும். மிஸ்ரா தன் நூலுக்குப் பதிப்புரிமையே வைத்துக்கொள்ளவில்லை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று விட்டுவிட்டார். முதலில் நாவல். குடத்தோடு அலைகிற ஜமுனாவைப் பார்த்த பிறகுதான் குளத்தின் அருமை உறைக்கும்.

ஒரே எழுத்தாளரையே ஜோடியாக்கலாமா என்று கேட்டால், செகாவை எடுங்கள். மருத்துவரான அவர் 1890இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சாகலின் தீவுக்குப் போய், அங்கே தண்டனைக் கைதிகளாகவும் குடியேறிகளாகவும் இருந்தவர்களை வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார், சுமார் 10,000 அட்டைகள். அதிலிருந்து பிறந்தது ‘சாகலின் தீவு’. திரும்பி வந்து 1892இல் வெளியிட்டது, மனநோயாளிகளை அடைத்துவைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிய ‘ஆறாவது வார்டு’ என்ற குறுநாவல். சாகலின் புத்தகம் இடையிடையே வறட்சியாக இருக்கும், எண்கள் வரும் பக்கங்களைத் தள்ளிப் படித்தால் குற்றமில்லை. குறுநாவலில் ஒரு வரியைக்கூடத் தள்ள முடியாது.

எந்த வரிசையில் படிப்பது? பெரும்பாலும் நாவல் முன்னால், கட்டுரை நூல் பின்னால். தகவல் முதலில் தெரிந்துவிட்டால் நாவலைச் சரிபார்க்கிற புத்தி வந்துவிடுகிறது. ‘என் சரித்திரம்’ ஜோடியைப் போலவே இதற்கு இன்னொரு விதிவிலக்கு, மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவல் ‘மோபி டிக்’ (1851). அதை நேரடியாக எடுத்து மூன்று முறை தோற்றிருக்கிறேன். இப்போது நதானியல் ஃபில்பிரிக் எசெக்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலைப் பற்றி 2000இல் எழுதிய நூலை முதலில் படித்தேன். 1820 நவம்பரில் பசிபிக் நடுவே ஒரு திமிங்கிலம் அந்தக் கப்பலை முட்டிக் கவிழ்த்தது. இருபது பேர் மூன்று படகுகளில் ஏறினார்கள். மேற்கே இருந்த தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, நெடுந்தூரத்தில் இருந்த தென் அமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். கடைசியில் பசியில் தாங்களே இறந்த தோழர்களைத் தின்னும்படி ஆயிற்று. பிழைத்தவர்கள் எட்டுப் பேர். மெல்வில் அந்த எட்டுப் பேரில் ஒருவர் எழுதிய நூலை அவருடைய மகனிடமே வாங்கிப் படித்தவர்.

அந்தச் சூட்டோடு நாலாவது முறையாக ‘மோபி டிக்’கில் இறங்கி, முன்பு மூன்று முறையும் நான் கழன்றுகொண்ட 32ஆம் அத்தியாயத்தில் இப்போது இருக்கிறேன். கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கிலங்களை வகைபிரிக்கிற அத்தியாயம் அது. எதை வைத்துப் பிரிக்கிறான் கதைசொல்லி? புத்தகத் தாளின் அளவை வைத்து: பெரிய மடிப்பு, நடு மடிப்பு, சின்ன மடிப்பு. முன்பெல்லாம் எரிச்சலூட்டிய பக்கங்களில் இந்த முறை சிரித்துக்கொண்டிருக்கிறேன். அலமாரி முன் நின்று தடிமன் பார்த்தவனாயிற்றே நான்.