தபால் ஊழியர்களும் ஆந்த்ராக்ஸும்

கேள்வி: 2001-ல் அமெரிக்காவில் தபால் வழியாக ஆந்த்ராக்ஸ் கிருமியை அனுப்பி ஐந்து பேரைக் கொன்றார்கள். அதுபோல ஓர் எதிரி நாடு நம்மீது கிருமியை ஏவினால், முறியடிக்க நம் ராணுவத்திடம் திட்டம் இருக்கிறதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் கேட்டது ராணுவத்தைப் பற்றி. என் கண் நின்றது 'தபால்' என்ற இடத்தில். இறந்த ஐந்து பேரில் இருவர் தபால் ஊழியர்கள். ஜோசப் கர்ஸீன், தாமஸ் மோரிஸ். இருவரும் வாஷிங்டனில் பிரென்ட்வுட் என்ற தபால் பிரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள்.

செனட்டர் டாம் டாஷ்லுக்கு வந்த கடிதத்தை அவர் அலுவலகத்தில் பிரித்தது அக்டோபர் 15. அன்றைக்கே அங்கிருந்தவர்களின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அதே கடிதம் பிரென்ட்வுட் வழியாகத்தான் அங்கே போனது. அந்த நிலையத்தை மூடியதோ அக்டோபர் 21. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று அதிகாரிகள் நம்பிவிட்டார்கள். வேகமாகக் கடிதம் பிரிக்கும் எந்திரம் உறையை அழுத்தும்போது தூள் காற்றில் பறக்கும் என்று அந்த எந்திரத்தோடு தினமும் நின்றவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மோரிஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்து, தனக்கு ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகப்படுவதாகத் தானே சொன்னார். அன்றே இறந்தார். கர்ஸீனை ஒரு மருத்துவமனையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவரும் இல்லை. இன்று அந்த நிலையத்துக்கு இருவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். செனட் ஊழியர்களுக்குக் கொடுத்த மாத்திரையை அதே நாளில் இவர்களுக்கும் கொடுத்திருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரி, தாக்குதல் நடக்கிறது என்பதை முதலில் கண்டது யார்? உளவுத்துறை இல்லை. ஃபுளோரிடாவில் காய்ச்சலும் குழப்பமுமாக மருத்துவமனையில் சேர்ந்தார் ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்ற பத்திரிகைப் புகைப்பட ஆசிரியர். தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ் அவருடைய முதுகுத்தண்டு நீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தானே பார்த்தார். கோல் வடிவப் பாக்டீரியா. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் அந்த வடிவம்தான். மூச்சு வழி ஆந்த்ராக்ஸ் 1976-க்குப் பிறகு அந்த நாட்டிலேயே வந்ததில்லை. இருந்தும் அவர் சந்தேகப்பட்டார், மாதிரி ஜாக்சன்வில்லில் உள்ள மாநில அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போனது, அங்கே உறுதியானது. இதற்கென்றே 1999-ல் ஓர் ஆய்வுக்கூட வலையமைப்பை உருவாக்கி, ஆட்களைப் பயிற்றுவித்து வைத்திருந்தார்கள். ஸ்டீவன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் நாடு விழித்துக்கொண்டது.

இங்கேதான் என் பழைய சண்டை வருகிறது. காய்ச்சல் என்றதும், கிருமியை வளர்த்து அது எது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு எதுவும் எடுக்காமல் ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் பல முறை திட்டியிருக்கிறேன். சில டாக்டர்கள் கோபித்துக்கொண்டு எழுதினார்கள். நான் பின்வாங்குவதாக இல்லை. 1984-ல் ஓரிகன் மாநிலத்தின் தி டாலஸ் ஊரில் 751 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உணவக ஊழியர்களின் சுத்தக்குறைவுதான் காரணமாக இருக்கும் என்று முதலில் முடிவு கட்டினார்கள். உண்மையில், உள்ளூர்த் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட வராதபடி செய்ய, ரஜனீஷ் (ஓஷோ) ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் உணவகங்களின் சாலட்டில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைக் கலந்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து ஆசிரம ஆய்வுக்கூடத்தைச் சோதனையிட்டபோது ஒரு குப்பி கிடைத்தது. அதிலிருந்த கிருமியும் நோயாளிகளிடம் எடுத்த கிருமியும் ஒன்று. நோயாளிகளிடம் மாதிரி எடுக்காமல் வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

எதிரி நாடு என்கிறீர்கள். ஓரிகனில் செய்தவர்கள் பக்கத்தில் குடியிருந்தவர்கள். ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்குக் காரணம் அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த புரூஸ் ஐவின்ஸ் என்று எஃப்.பி.ஐ. முடிவு செய்தது. வழக்கு நீதிமன்றம் போகும் முன்பே, 2008-ல், அவர் இறந்துவிட்டார். அறிவியல் சான்று மட்டும் அதை உறுதியாக நிரூபிக்கவில்லை என்று அந்நாட்டுத் தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்வுக் குழு 2011-ல் சொன்னது. அனுப்பியவன் யார் என்பதில் இத்தனை வருடம் போகும். படுக்கையில் கிடப்பவருக்கு என்ன நோய் என்பதை அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

அப்புறம், நம் தபாலுக்கும் ஒரு கதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறையைத் தொடங்கினார். குறிப்பிட்ட நோய்களைப் பார்த்தால் அரசு டாக்டரும் தனியார் டாக்டரும் ஒரு தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். கிடைத்த தகவலைத் தொகுத்து டாக்டர்களுக்கே செய்தி மடலாகத் திருப்பி அனுப்பினார்கள். பணக்கார நாட்டு வசதி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நம் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான் ஆந்த்ராக்ஸ். அது கிராமத்தில் தானாக வந்தாலும் யாராவது வேண்டுமென்றே பரப்பினாலும் முதலில் தெரிய வேண்டியது இப்படி ஒரு கார்டில்தான்.

ராணுவத்துக்காக ஆராய்ச்சி செய்யும் டி.ஆர்.டி.ஓ.வுக்குக் குவாலியரில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008-லேயே உயிரியல் பேரிடருக்கு வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. நான் கவலைப்படுவது உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தைப் பற்றி. பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், லேப் டெக்னீஷியன் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, கல்ச்சர் செய்ய வசதி உண்டா, வித்தியாசமான காய்ச்சல் வந்தால் யாருக்குத் தகவல் போகிறது என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதி அனுப்புங்கள். வெளியிடுகிறேன்.